பழைய மாதிரி விமானப் பெட்டிகளைப் பூட்டி வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் சேகரிப்பைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் ஆகியவற்றோடு பழைய பிளாஸ்டிக் மாதிரி விமானப் பெட்டிகளும் இடம்பெற்றிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். தமிழில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எவரேனும் எழுதுவதே அரிது. ஆயினும், பெட்டியின் மேலுறை கிழியாமல், உள்ளிருக்கும் பாகங்களை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமல் பாதுகாத்தால்தான் மதிப்பு என்று அக்கட்டுரை கூறிய அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. தபால்தலை அச்சகத்திலிருந்து வெளிவரும்போதே முழுமையடைந்துவிட்ட பொருள். மாதிரி விமானப் பெட்டியோ பாதி வேலை முடிந்த பொருள். மீதிப் பாதியை வாங்குபவர் செய்து முடிப்பார் என்று நம்பித்தான் அதன் பாகங்களைச் செதுக்கியவர்கள் செதுக்கினார்கள். விதிவிலக்கான சில பெட்டிகளைத் தவிர, மற்றவற்றைப் பிரித்துக் கட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைப்பதே முறை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், பழைய பெட்டிகளைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பிரிக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்பது முதலாவது தவறான எண்ணம். இப்பெட்டிகளில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயில் படாத, வெப்பம் மிகாத இடத்தில் அது பல பத்தாண்டுகள் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அதனுடன் வரும் டெக்கால் தாள், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட தாள், அவ்வளவு நாள் தாங்குவதில்லை. அதன் மெல்லிய படலம் மஞ்சளாகிறது, பசை வலுவிழக்கிறது, ஈரக்காற்று உள்ள கடலோர ஊர்களில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சையும் பிடிக்கிறது. மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள பரணில் கோடைதோறும் வெந்து கிடக்கும் பெட்டியில் நீண்ட இறக்கைப் பாகங்கள் வளைந்துவிடுவதும் உண்டு. பிரிட்டனில் 1936இல் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் 1/72 அளவில், அதாவது உண்மையான விமானத்தின் 72இல் ஒரு பங்கு அளவில், வெளிவந்த மாதிரி விமானங்கள், இவ்வகைப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கெல்லாம் முன்னோடி. அவை செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்க்கப்பட்டவை. அந்தப் பொருள் காலப்போக்கில் தானாகவே சுருங்கி முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் அவற்றில் பல இன்று கோணலாகவே இருக்கின்றன.

இரண்டாவது தவறான எண்ணம், பழைய பெட்டி என்றாலே கிடைத்தற்கரியது என்பது. பெட்டியின் அட்டை அரிதாக இருக்கலாம். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் அநேகமாக அரிதன்று. ஏனெனில் இத்தொழிலில் மூலதனம் என்பது எஃகு அச்சுதான். ஒருமுறை செதுக்கிய அச்சிலிருந்து ஐம்பது ஆண்டுகள்கூடப் பாகங்கள் வார்க்கலாம், வார்த்தும் இருக்கிறார்கள். நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் முதலில் காற்றடைத்த பொம்மைகளையும், பின்னர் சீப்புகளையும் செய்து, ஐம்பதுகளில் மாதிரி விமானங்களுக்கு வந்தது. வுல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங் விலைக்கு, காகிதத் தலைப்பட்டை ஒட்டிய பாலிதீன் பையில் அவை தொங்கின. அந்நிறுவனம் 1981இல் நொடித்தபோது அச்சுகள் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்திடம் போயின. 1986இல் வண்ணம் தயாரிக்கும் ஹம்ப்ரால் அவற்றை வாங்கியது. 2006இல் அதுவும் தடுமாறியபோது ஹார்ன்பி வாங்கியது. இத்தனை கைமாறியும் அறுபதுகளின் அச்சுகள் பல இன்றும் வேலை செய்கின்றன. 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையில் அந்நிறுவனமே அவற்றை மறுபடி விற்கிறது. ஃப்ராக் நிறுவனம் எழுபதுகளின் நடுவில் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போய், நோவோ என்ற பெயரில் அதே விமானங்களாக வெளிவந்தன. ஜெர்மானிய, ஜப்பானிய விமானங்களின் அச்சுகள் மட்டும் மாஸ்கோ பக்கம் போகவில்லை. அவற்றை ரெவெல் என்ற மற்றொரு மாதிரி நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆகவே தங்கள் வாசகர் ஒருவர் பெட்டியைப் பிரித்துவிட்டதால் உலகம் எதையும் இழந்துவிடப் போவதில்லை.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஏர்ஃபிக்ஸ் 1960இல் 1/72 அளவில் வெளியிட்ட போல்ட்டன் பால் டிஃபயன்ட் என்னும் போர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். அதற்குத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் இவ்விமானத்தை முதன்முதலாகப் போர்முனைக்குக் கொண்டுசென்ற பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் அணி, போர் நிதிக்குச் சென்னை மாகாணம் அளித்த கொடையின் நினைவாக 'மதராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய அணி. டிஃபயன்ட் விசித்திரமான விமானம். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூட அதில் இல்லை. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்றில் நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன, அவற்றை இயக்க இரண்டாவது ஆள் தனியாக உட்கார்ந்திருந்தார். பிரான்சின் டன்கிர்க் கடற்கரைக்கு மேலே 1940 மே 29 அன்று ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அந்த அணி கணக்குச் சொன்னது. பின்னாளில் பதிவேடுகளை ஒப்பிட்டவர்கள் அந்த எண்ணிக்கை மிகைப்பட்டது என்றே கண்டார்கள். அதே ஆண்டு கோடை முடிவதற்குள் எதிரிகள் இதன் பலவீனத்தைப் புரிந்துகொண்டு முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் தாக்கவே, பகல் சண்டையிலிருந்து இது விலக்கப்பட்டு, கறுப்பு வண்ணம் பூசிய இரவு விமானமாயிற்று. இன்று முழுமையாக எஞ்சியிருப்பது ஒரே ஒரு டிஃபயன்ட். அது பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. நம் பாட்டன்மார் காலத்து மாகாணத்தின் பெயரைச் சுமந்த அணியின் விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டுமானால், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பிளாஸ்டிக் வடிவத்தைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

12 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட விமானம் இந்த அளவில் ஏறத்தாழ 16.7 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. பெட்டியைத் திறந்தவுடன் கண்ணில் படுவது உடலெங்கும் பொரிபொரியாகப் புடைத்து நிற்கும் ஆணித்தலைகளே. அக்கால மாதிரிகளில் இவை புடைத்திருப்பதற்குக் காரணம் எளிது: எஃகு அச்சில் குழி தோண்டுவது சுலபம், மேடு விட்டுச் சுற்றிலும் செதுக்குவது கடினம்; அச்சில் தோண்டிய குழி பாகத்தில் மேடாக வரும். அந்த மேடு 0.3 மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டாலும், உண்மையான விமானத்தில் அது இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொத்தான் ஆகிவிடும், பறந்திருக்காது. இதனாலேயே கட்டுபவர்களில் ஒரு சாரார், மேற்பரப்பு முழுவதையும் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கி, தகட்டு இணைப்புக் கோடுகளைக் கூரிய ஊசியால் புதிதாகக் கீறி, விமானி அறைக்குள் இருக்கையும் கருவிப் பலகையும் தாமே செய்து பொருத்தி, பழைய மாதிரியைப் புதியதற்கு நிகராக்க முயல்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அது வீண் உழைப்பு என்றே கருதுகிறேன். துல்லியமான டிஃபயன்ட் வேண்டுமென்றால் அதே நிறுவனம் 2015இல் புதிய அச்சில் வெளியிட்ட மாதிரி இருக்கிறது. அதில் கோடுகள் மெல்லிய குழிவாகவே வருகின்றன. 1960இன் அச்சைக் கட்டுபவர் 1960ஐத்தான் கட்ட வேண்டும். கணினி வரைபடம் இல்லாத நாளில், பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் பார்த்து ஒரு மனிதர் கையால் செய்த மூல வடிவின் சுவடு அந்த ஆணித்தலைகளில் இருக்கிறது. நீர்விட்டுத் தேய்க்கும் நைஸ் உப்புத்தாளால் லேசாக இரண்டு இழுப்பு இழுத்து அவற்றின் முனைப்பைக் குறைத்தால் போதும்.

ஒட்டுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் சட்டத்தோடு சேர்த்தே சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை எஞ்சியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பாகங்களை முறுக்கிப் பிய்க்காமல் நகவெட்டியால் வெட்டி, விளிம்பில் பிதுங்கியிருக்கும் மெல்லிய சவ்வைப் பிளேடால் சீவ வேண்டும். அச்சு எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவுக்குச் சவ்வு மிகும். பிறகு பசையில்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எவரும் தவிர்க்கக் கூடாது. புதிய ஜப்பானிய மாதிரிகள் கைவைத்தால் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பிரிட்டிஷ் மாதிரிகளில் இறக்கையின் வேர் உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கும், உடலின் இரு பாதிகளும் ஒரே உயரத்தில் இரா. இதற்குரிய திரவப் பசை பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்ப்பது; ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இணைப்பில் ஒரு துளி மட்டும் விட்டு, ரப்பர் பட்டையால் கட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். எஞ்சிய இடைவெளிகளுக்கு, கார் டிங்கரிங் பட்டறைக்காரர்கள் பயன்படுத்தும் லப்பமே போதுமானது. ஆனால் அதை ஒரே பூச்சில் அப்பாமல் மெல்லிய படிவங்களாக இட வேண்டும், ஏனெனில் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும். கண்ணாடிக் கூட்டைப் பொருத்த உடனடிப் பசையை அருகில் கொண்டுவரவே கூடாது. அதன் ஆவி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வெண்பனிபோல் படிந்துவிடும், பிறகு போகாது. மரவேலைக்கு உதவும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை அதற்கு நல்லது. அதிகமானதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

இனி வண்ணம். இதில்தான் பழைய மாதிரி புதியதைவிடத் தயவு காட்டுகிறது, ஏனெனில் அதன் மேடுகள் வண்ணத்தை ஏந்திக்கொள்கின்றன. அக்காலச் சிறுவர்கள் பயன்படுத்தியது ஹம்ப்ரால் எனாமல். அதன் 29ஆம் எண் மண்ணின் பழுப்பு, 30ஆம் எண் கரும்பச்சை. 1940ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் விமானங்களின் மேற்புறம் முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். எனாமல் டப்பாக்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் விமான அஞ்சலில் அவற்றை அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. கிடைக்காதவர்கள் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களால் அதே நிறங்களைக் கலந்துகொள்ளலாம். எனாமலைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் ஊர் ஹார்டுவேர் கடையில் 'தின்னர்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரைத்தான் தருவார்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும்; ஒரு தடவலில் இறக்கை குழைந்துபோகும். எனாமலைத் தளர்த்தவும் தூரிகையைக் கழுவவும் டர்பென்டைன் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் வெளிர் நிறத்தைப் பூசி, ஒரு முழு நாள் காயவிட்டு, அதன்மேல் பென்சிலால் வளைவுகளை வரைந்துகொண்டு, பிறகு கரும்பச்சையைப் பூச வேண்டும். தட்டைத் தூரிகையில் குறைவாக எடுத்து, ஒரே திசையில், திரும்பத் திரும்பத் தடவாமல் இழுத்து, இரண்டு மெல்லிய பூச்சுகளாக முடிக்க வேண்டும். தடித்த ஒரு பூச்சு ஆணித்தலைகளை மூழ்கடித்துவிடும். டன்கிர்க் காலத்து டிஃபயன்டுக்கு அடிப்புறம் ஓர் அழகான சிக்கல்: இடது இறக்கையின் அடி கறுப்பு, வலது இறக்கையின் அடி வெள்ளை. தரையிலிருந்து பார்ப்பவர்கள் நம் விமானம் என்று அடையாளம் காண்பதற்காகப் போரின் தொடக்கத்தில் செய்த ஏற்பாடு அது. 1940 ஜூனில் அதைக் கைவிட்டு, அடிப்புறம் முழுவதற்கும் வெளிர் பச்சை கலந்த வான்நிறத்துக்கு மாறினார்கள். இரவு விமானமாகக் கட்ட விரும்புபவர்கள் முழுக் கறுப்பைப் பூசக் கூடாது என்பது என் துணிபு. பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவிலுள்ள காற்று அதன் நிறத்தை வெளிறச் செய்கிறது. சிறிய மாதிரியில் அந்தக் காற்று இல்லாததால், வண்ணத்திலேயே கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டியிருக்கிறது. பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் இன்னும் சற்று வெளிர்ந்த சாம்பலை மேலாகத் தடவினால், ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் மங்கலாகத் தலைகாட்டும். மொழுமொழுவென்று தேய்த்துவிட்டவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

பழைய டெக்கால் தாளைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதில்லை. மஞ்சளேறிய தாளைப் பாலிதீன் உறையில் இட்டு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் சில நாள்கள் ஒட்டி வைத்தால் மஞ்சள் கணிசமாக வெளுக்கும். இதில் நம் வெயில் இங்கிலாந்து வெயிலைவிட வேகமாக வேலை செய்யும் என்பது நமக்குள்ள ஓர் ஆதாயம். பிறகு தேவைப்படாத ஒரு சிறு சின்னத்தை நீரில் இட்டுச் சோதிக்க வேண்டும். அது நொறுங்கினால், தாள் முழுவதற்கும் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்து, ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பை ஒட்டித் தனித்தனியாக வெட்டிக்கொண்டால் பயன்படும். ஒட்டும் இடத்தில் முன்னரே பளபளப்பான வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கிக்கொண்டு வெள்ளி வெள்ளியாக மின்னும். எல்லாம் முடிந்தபின் பூசும் மங்கல் வார்னிஷைச் சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தெளிக்காமல் இருப்பது நல்லது. காற்றின் ஈரம் அதில் கலந்து, முழு விமானமும் பூசணம் பூத்தாற்போல் வெளுத்துவிடும்.

கோவை வாசகன் என்ற முறையில் இன்னொரு விமானத்தையும் குறிப்பிடாமல் விட மனமில்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே போரிட்டு மறைந்த நிர்மல் ஜித் சிங் செகோனுக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18ஆம் அணிதான் 2020இல் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது. அவர் ஓட்டியது நேட் என்னும் சிறிய போர் விமானம். ஏர்ஃபிக்ஸின் பழைய நேட் மாதிரி எளிதில் கிடைப்பதுதான். ஆனால் அது பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு பயன்படுத்திய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நம் விமானப்படையின் ஒற்றை இருக்கை நேட் உண்மையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையானது, இறக்கை அகலமும் அரை மீட்டருக்கு மேல் குறைவு. மாதிரியின் அளவில் நீளத்தில் 1.3 சென்டிமீட்டர் வேறுபடும். சிவப்புக்குப் பதிலாக வேறு வண்ணம் பூசி நம் விமானப்படையின் மூவர்ண வட்டச் சின்னங்களை ஒட்டிவிட்டால் செகோனின் விமானம் ஆகிவிடாது. உடலை வெட்டிச் சுருக்கவும் இறக்கை முனைகளைக் குறைக்கவும் துணிந்தவர்கள் மட்டும் இதில் இறங்கலாம். இது துல்லியத்துக்காக நான் வாதாடும் ஒரே இடம். ஒரு மனிதரின் நினைவுக்காகக் கட்டும்போது விமானம் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

எந்தப் பெட்டிகளைப் பிரிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். போருக்கு முந்திய பெங்குவின் வரிசை. ஐம்பதுகளில் பையில் விற்கப்பட்டு இன்னும் தலைப்பட்டையோடு இருப்பவை. அச்சு தொலைந்தோ அழிந்தோ போனதால் மறுபடி வர வாய்ப்பில்லாதவை: இவை அருங்காட்சியகத்துக்கும், அவற்றை ஆராய்பவர்களுக்கும் உரியவை. மற்றவற்றைப் பிரிக்கும்போதுகூட விளக்கத் தாளையும் பெட்டியின் மேலட்டையையும் எறிந்துவிட வேண்டாம். 1964 முதல் பத்தாண்டுகள் ஓவியர் ராய் கிராஸ் ஏர்ஃபிக்ஸுக்காகத் தீட்டிய அட்டைப் படங்கள் சட்டமிட்டு மாட்டத் தக்கவை. விளக்கத் தாளில் பாகங்களின் எண்களோடு அந்நாளைய வண்ணக் குறிப்புகளும் இருக்கும். அடுத்து அதே அச்சைக் கட்டுபவருக்கு, எழுத்தில்லாமல் படங்களை மட்டுமே கொண்ட இன்றைய தாளைவிட அது அதிகம் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.